வீட்டுப் பெரியவர் குடிக்கிறார்: நிறுத்தச் சொல்வதற்கு முன்

பாட்டிலைப் பிடுங்கி வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, "இன்னையோட நிறுத்திடுங்க" என்று தலையிலடித்துச் சத்தியம் வாங்குவதுதான் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடக்கிறது. தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீர் நிறுத்தத்தைத் தாங்காது. 65 வயதைத் தாண்டியவருக்கு அது உயிருக்கே உலை வைக்கலாம். மருத்துவரிடம் கூட்டிப்போகும் வரை வழக்கமான அளவை அடியோடு வெட்ட வேண்டாம். அதற்குள் கணக்கை எடுங்கள்.

"குடிக்கிறீங்களாப்பா?" என்றால் "எப்பவாவது" என்பார். "நேத்து கட்டிங்கா, குவார்ட்டராப்பா?" என்று சாதாரணமாகக் கேட்டால் எண் வரும். பிராந்தி, ரம் லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180 மில்லி குவார்ட்டரில் அது 77 மில்லி சுத்த ஆல்கஹால். எடைக்கு ஏறத்தாழ 61 கிராம். 10 கிராம் ஒரு யூனிட் என்று வைத்தால் குவார்ட்டர் 6 யூனிட், கட்டிங் 3. 'பீர்தானே' என்று ஒதுக்காதீர்கள்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில், 4 யூனிட். பாட்டிகளையும் கேளுங்கள், சளிக்கு, மூட்டுவலிக்கு என்று 'மருந்தாக' எடுக்கும் பிராந்தி கணக்கில் வருவதே இல்லை.

வயதாக ஆக உடலில் நீரின் அளவு குறைகிறது. ஐம்பதில் தாங்கிய அதே கட்டிங் எழுபதில் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். ஈரல் மணிக்குச் சுமார் ஒரு யூனிட்டைத்தான் எரிக்கும். இரவு 10 மணிக்கு முடித்த குவார்ட்டர் விடியற்காலை 4 மணி வரைகூட உள்ளே இருக்கலாம். அந்நேரம் பாத்ரூமுக்கு எழுபவருக்குக் கால் தடுமாறுவதில் வியப்பில்லை.

அடுத்து மூன்று கேள்விகள். காலையில் கை நடுங்குகிறதா? ஒரு மடக்கு போட்டதும் நிற்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்ததா? எதற்காவது 'ஆமாம்' என்றால் வீட்டில் வைத்து நிறுத்த முயலாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, படுக்கையும் இரவு டாக்டரும் உள்ள குடிநோய் சிகிச்சை மையத்திலோ சேர்க்க வேண்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 அல்லது 14416-ஐ அழைக்கலாம்.

கடைசி மடக்குக்குப் பின் நடப்பது ஏறக்குறைய இப்படி: 6 முதல் 12 மணி நேரத்தில் வியர்வை, நடுக்கம், குமட்டல், படபடப்பு. வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். மோசமான கட்டம் இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் வரும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், போர்வையைப் பிய்ப்பார், காய்ச்சலடிக்கும், நாடி ஓடும். உடனே 108.

இந்த மூன்றாம் நாள் பலமுறை எலும்பு முறிவு வார்டில்தான் வருகிறது. இடுப்பெலும்பு முறிந்து பெரியவரைச் சேர்ப்பார்கள். மானம் போய்விடுமென்று குடிப்பழக்கத்தை மறைப்பார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் இரவு டிரிப் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, "பஸ் வந்துடுச்சு, எறக்கி விடு" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடுவார்கள். சேர்க்கும் அன்றே, மயக்க மருந்து டாக்டரிடம், தினசரி அளவையும் கடைசியாகக் குடித்த நேரத்தையும் சொல்லிவிடுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதினாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சோர்ந்து கிடந்தால் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றும் வழக்கம் இருக்கிறது. நாட்பட்ட குடியில் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கலாம்: கண் அசைவு கோளாறாகும், நடை தள்ளாடும், நினைவு திரும்பாமலே போகலாம். "டிரிப்புக்கு முன்னாடி தயமின் ஊசி போட்டாச்சா?" என்று கேளுங்கள். ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருந்தால் மட்டும் தயமினுக்காகக் காத்திருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர் உளறினால் போதை என்று நினைக்காமல் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிறதென்றால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மாத்திரைப் பையை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். டைக்ளோஃபெனாக் வலிமாத்திரையும் மதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் எழும்போது தலைசுற்றும். தலையில் அடிபட்டு, பல நாள் கழித்துத் தலைவலி, தூக்கக்கலக்கம், நடையில் மாற்றம் என்று வந்தால் உடனே சி.டி. ஸ்கேன், மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகத் தேங்கியிருக்கலாம்.

நடுக்கத்துக்கு வீட்டில் மிச்சமிருக்கும் தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். வழக்கமாகத் தரும் குளோர்டயசிபாக்சைடு முதியவர் உடம்பிலும் பழுதான ஈரலிலும் தங்கிச் சேரும். அதனால் முதியவர்களுக்குப் பெரும்பாலும் லோரசிபாம் அல்லது ஆக்சசிபாமைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு ஆசையைக் குறைக்கும் மருந்து. அகாம்ப்ரோசேட் என்றால் முதலில் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பார்க்க வேண்டும், அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். நால்ட்ரெக்சோன் என்றால் டிரமடால் வலிமாத்திரை கூடவே கூடாது.

கடைசியாக அந்தப் பொடி. 'தெரியாமல் சாம்பாரில் கலந்தால் போதும்' என்று விற்கிறார்களே, அந்த வகைச் சரக்குகளில் டைசல்ஃபிராம் இருக்கலாம். இதைத் தின்றவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். பலவீனமான இதயம் அதில் நின்றும் போகலாம். பொடியை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த வேகம் இருக்கும். ஏற்கெனவே கலந்திருந்தால் வெட்கப்படாமல் எத்தனை நாள், எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள்.