வால்வு லீக்குன்னு எகோ ரிப்போர்ட்ல வந்திருக்கா? ரிப்பேரா, மாத்துறதான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி படிங்க

எகோ (இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன்) ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் நேரா கடைசி பாராவுக்குத்தான் போறோம், அங்க "ட்ரிவியல் எம்ஆர், மைல்ட் டிஆர்"னு ஏதாவது போட்டிருக்கும் (எம்ஆர்னா மைட்ரல் வால்வு லீக், டிஆர்னா ட்ரைகஸ்பிட் வால்வு லீக்), உடனே கூகுள் பண்ணி வீட்டுல எல்லாருக்கும் வயித்தக் கலக்கிரும். ட்ரிவியல், ட்ரேஸ் ரெண்டும் நோயே கிடையாது, நல்லா ஓடியாடிட்டு இருக்குற எத்தனையோ பேருக்கு எகோ எடுத்தா அந்தளவு கசிவு தெரியத்தான் செய்யும். மைல்டுக்கும் வால்வோட அமைப்பு நல்லா இருந்தா மூணுலருந்து அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எகோ பாத்துக்கிட்டா போதும்னுதான் சொல்லுவாங்க. மாடரேட்னா ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பாக்கணும். சிவியர்னு எழுதியிருந்தும் "எனக்கு மூச்சு வாங்கல, மாடி ஏறுறேன், ஒண்ணும் பண்ணல"ன்னு ரிப்போர்ட்ட பீரோல வச்சுட்டு இருக்குறவங்களுக்குத்தான் நான் இத எழுதுறேன், ஏன்னா வால்வு லீக்ல சிக்கலே அங்கதான் இருக்கு.

இதயத்துல நாலு வால்வு, ரத்தம் ஒரே பக்கமா போறதுக்காக. பெரும்பாலும் ஆபரேஷன் வரைக்கும் போறது இடது பக்கம் இருக்குற மைட்ரல் வால்வும் அயோர்டிக் வால்வும்தான். மைட்ரல இரட்டைக் கதவுன்னு வச்சுக்கோங்க, கதவுக்குப் பின்னாடி நரம்பு மாதிரி கயிறுங்க புடிச்சிருக்கும், கதவு மேல் அறைப் பக்கம் மடங்கிப் போயிராம இருக்க. இந்தக் கதவு சரியா சாத்தலன்னா இடது கீழ் அறை அமுக்குறப்ப ரத்தத்துல ஒரு பங்கு மேல் அறைக்கே திரும்பிப் போகும், அங்கேருந்து நுரையீரலுக்குப் பின்அழுத்தம், அப்புறம்தான் மூச்சு வாங்குறது, படுத்தா இருமல், நெஞ்சு படபடப்பு, கால் வீக்கமெல்லாம்.

சாத்தாம போறதுக்குக் காரணம் ரெண்டு வகை, இத டாக்டர்கிட்ட கட்டாயம் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, கதவே கெட்டுப்போனது: கயிறு அறுந்துருக்கும், கதவு தொளதொளன்னு மேல தள்ளும் (இதத்தான் ப்ரொலாப்ஸ்னு எழுதுவாங்க), இல்ல சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால தடிச்சு சுருங்கிப் போயிருக்கும், இல்ல வால்வுல கிருமி தொத்தி ஓட்டை விழுந்திருக்கும். இத ப்ரைமரின்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு, கதவு நல்லாத்தான் இருக்கு, ஆனா கதவ மாட்டியிருக்குற நிலை அகண்டு போச்சு, ஹார்ட் அட்டாக்குக்கு அப்புறமோ இதயத் தசை பலவீனமாயோ இடது கீழ் அறை வீங்கி, ரெண்டு கதவும் நடுவுல சேர முடியாம நிக்குது. இது செகண்டரி, ஃபங்ஷனல்னும் போடுவாங்க. ரெண்டுக்கும் ரிப்போர்ட்ல "சிவியர் எம்ஆர்"னு ஒரே வார்த்தைதான் இருக்கும், வைத்தியமோ வேற வேற. செகண்டரிக்கு முதல் வைத்தியம் மாத்திரைதான், ஹார்ட் ஃபெயிலியர் மருந்துகள சரியான டோஸ் வரைக்கும் ஏத்தினா சில பேருக்கு அறை சுருங்கி லீக்கும் குறையும், அதனால யாராவது எடுத்த எடுப்புலயே ஆபரேஷன்னு சொன்னா மருந்து முழுசா குடுத்துப் பாத்தாச்சான்னு கேளுங்க.

இப்ப நம்பர் விஷயம். ரிப்போர்ட்ல இஎஃப்னு ஒரு சதவீதம் இருக்கும், இதயம் ஒரு துடிப்புக்கு எவ்ளோ பங்கு ரத்தத்தத் தள்ளுதுன்னு. சாதாரண ஆளுக்கு 55, 60 எல்லாம் நல்ல நம்பர்தான். ஆனா சிவியர் மைட்ரல் லீக் இருக்குறவங்களுக்கு அதே 60 நல்ல நம்பர் கிடையாது, ஏன்னா தள்ளுற ரத்தத்துல ஒரு பங்கு அழுத்தம் கம்மியா இருக்குற மேல் அறைக்கு ஈஸியா வழிஞ்சு போயிருது, தசைக்கு வேலை லேசா இருக்கு, அதனால நம்பர் மட்டும் பாக்க அழகா நிக்கும், உள்ள தசை களைச்சுக்கிட்டே வரும். அதனாலதான் ப்ரைமரி வகை சிவியர் லீக்ல, தொந்தரவே இல்லன்னாலும், இஎஃப் 60 இல்ல அதுக்குக் கீழ வந்தாலோ, அமுங்கின நிலையில இடது அறையோட அளவு (எல்விஇஎஸ்டி, இல்ல எல்விஐடிஎஸ்னு போட்டிருப்பாங்க) 40 மில்லிமீட்டரத் தொட்டாலோ ஆபரேஷனுக்கு நேரம் வந்துருச்சுன்னு கைட்லைன்ஸ் சொல்லுது. அயோர்டிக் லீக்குக்கு கணக்கு வேற, இஎஃப் 55 இல்ல அதுக்குக் கீழ, இல்ல அந்த அளவு 50 மில்லிமீட்டரத் தாண்டினா. மூச்சு வாங்க ஆரம்பிச்சுட்டா இந்த நம்பருக்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம். பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வரிசையா ஒரு ஃபைல்ல போட்டு இந்த ரெண்டு நம்பரையும் ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிட்டுப் போங்க, ஒரு ரிப்போர்ட்டப் பாத்து சொல்றதவிட 64, 62, 59னு இறங்குறதப் பாத்தா டாக்டருக்கும் முடிவு சுலபம், முடிஞ்சா ஒரே இடத்துல எகோ எடுங்க.

இன்னொண்ணு, சுவரோரமா சாஞ்சு அடிக்கிற லீக் சாதாரண எகோல கம்மியாத் தெரியலாம், பிபி ஏறி இருந்தா அதிகமாவும் தெரியலாம். சர்ஜரின்னு பேச்சு வந்தா டீ எகோ எடுக்கச் சொல்லுவாங்க, வாய் வழியா குழாய் விட்டு உணவுக்குழாய்லருந்து பாக்குறது, கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், வெறும் வயித்துல போகணும், தொண்டைய மரத்துப்போக வச்சுத்தான் பண்ணுவாங்க. எந்தக் கதவுல எந்த எடம் கெட்டிருக்கு, தைக்க முடியுமா முடியாதான்னு அதுலதான் தெளிவாத் தெரியும், அதனால பயந்து தட்டிக் கழிக்காதீங்க.

சரி, ரிப்பேர்னா என்ன பண்றாங்க? பிரான்ஸ்ல அலேன் கார்பென்டியேன்னு ஒரு சர்ஜன், கதவு எப்படி அசையுதுன்னு பாத்து லீக்க வகை பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தையல் முறைய ஒழுங்குபடுத்தினவர் அவர்தான், 1983ல அவர் எழுதின கட்டுரைக்கு அப்புறம் உலகம் பூரா இது பரவுச்சு. தொளதொளன்னு இருக்குற துண்ட வெட்டி எடுத்து மீதிய சேத்துத் தைப்பாங்க, இல்ல அறுந்த கயிறுக்குப் பதிலா கோர்டெக்ஸ் நூல்ல புதுக் கயிறு கட்டுவாங்க, கடைசில நிலைய சுத்தி ஒரு ரிங் வச்சு இறுக்குவாங்க. ரிங் இல்லாம வெறும் தையல் மட்டும் போட்டா நாளாக நாளாக நிலை மறுபடி அகண்டு லீக் திரும்பும். எல்லாம் முடிஞ்சு, இதயம் திரும்ப ஓட ஆரம்பிச்சதும் தியேட்டர்லயே டீ எகோ வச்சுப் பாப்பாங்க, லீக் கணிசமா மிச்சம் இருந்தா அங்கேயே திரும்ப சரி பண்ணுவாங்க இல்ல மாத்திருவாங்க, அதனால ரிப்பேருக்குப் போனாலும் "முடியலன்னா எந்த வால்வு வைப்பீங்க"ன்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும். மயக்கத்துல இருக்குறப்ப வெளிய நிக்குற தம்பியோ மருமகனோ அவசரத்துல அந்த முடிவ எடுக்குற மாதிரி விடக்கூடாது.

பின் கதவு ப்ரொலாப்ஸ்னா ரிப்பேருக்கு ரொம்ப நல்ல கேஸ், கை தேர்ந்த சர்ஜன்னா பெரும்பாலும் தைச்சுருவாங்க, பல வருஷம் தாங்கும். முன் கதவும் சேந்து கெட்டிருந்தா கொஞ்சம் கஷ்டம். ருமாட்டிக் வால்வுதான் தலைவலி, நம்ம ஊர்ல அதுதான் நெறைய, கதவு தடிச்சு சுண்ணாம்பு படிஞ்சு கயிறெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும், தைச்சாலும் அந்த நோய் உள்ளுக்குள்ள நடந்துட்டே இருக்குறதால ப்ரொலாப்ஸ் அளவுக்கு நீடிக்காது, மாத்த வேண்டி வர்றது அதிகம். அதனால சர்ஜன்கிட்ட கூச்சப்படாம கேக்க வேண்டியது இதுதான்: எனக்கு எந்த வகை, இந்த வகைக்கு நீங்க வருஷத்துக்கு எத்தன ரிப்பேர் பண்றீங்க, அதுல எத்தனை மாத்துறதுல போய் முடியுது. சிடுசிடுன்னு பதில் சொன்னா இன்னொரு ஒபீனியன் எடுங்க, சிவியர் லீக்ல பெரும்பாலும் ரெண்டு மூணு வாரம் தேடிப் பாக்க நேரம் இருக்கும் (திடீர்னு கயிறு அறுந்து மூச்சு முட்டி வர்றவங்களுக்கு இது பொருந்தாது, அது எமர்ஜென்சி).

அயோர்டிக் வால்வ ரிப்பேர் பண்றது கம்மி, அயோர்ட்டா (இதயத்துலருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய்) வேர் வீங்கினதால லீக் ஆச்சுன்னா வால்வ அப்படியே வச்சுட்டு வேர மட்டும் மாத்துற டேவிட் ஆபரேஷன் இருக்கு, எல்லா எடத்துலயும் பண்ண மாட்டாங்க. ட்ரைகஸ்பிட் வால்வ பெரும்பாலும் மைட்ரல் ஆபரேஷன் அப்பவே சேத்து ரிங் போட்டுருவாங்க. படபடப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேல் அறை தாறுமாறா துடிக்கிறது) இருந்தா அதச் சரி பண்ற மேஸ் ஆபரேஷனையும் அப்பவே பண்ண முடியுமான்னு கேட்டுருங்க.

மாத்துறதுன்னு ஆனா ரெண்டு சாய்ஸ். மெட்டல் வால்வு தேய்மானம் இல்லாம பல பத்து வருஷம் ஓடும், ஆனா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ ஆயுசு முழுக்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துல வலியத்தான் டாக்டர் குழு உருவாக்கின சித்ரா வால்வு இந்த வகைதான், 1990 டிசம்பர்ல முதல் ஆளுக்கு வச்சாங்க, வெளிநாட்டு வால்வு விலை கட்டாத எத்தனையோ குடும்பத்துக்கு அது கைகொடுத்திருக்கு. டிஷ்யூ வால்வு மாட்டோட இதய உறையிலயோ பன்னி வால்வுலயோ பண்றது, ஆயுசு பூரா அசிட்ரோம் வேண்டியதில்ல, ஆனா சுமாரா 10லருந்து 15 வருஷத்துல கெட்டுப்போகும், வயசு கம்மியா இருந்தா இன்னும் சீக்கிரம். 65க்கு மேலன்னா டிஷ்யூ, 50க்குக் கீழன்னா மெட்டல்னு பொதுவா போவாங்க, நடுவுல இருக்குறவங்க பேசி முடிவு பண்ணணும். இனி குழந்தை பெத்துக்கணும்னு நெனைக்கிற பொண்ணுங்களுக்கு இந்தக் கணக்கு மாறும், வார்ஃபரின், அசிட்ரோம் ரெண்டும் முதல் மூணு மாசத்துல கருவப் பாதிக்கலாம், அத நிறுத்தினா வால்வுல கட்டி உறையும், ரெண்டு பக்கமும் ஆபத்து. அதனால கல்யாணம், குழந்தைப் பேச்ச டாக்டர் முன்னாடி எடுக்க வெக்கப்படக்கூடாது, மாமியார் கூட இருந்தாலும் சரி.

வயசாகி நெஞ்ச பிளக்குற ஆபரேஷன் தாங்காதவங்களுக்கு க்ளிப் இருக்கு. இத்தாலி சர்ஜன் ஆல்ஃபியேரி 1990கள்ல ரெண்டு கதவையும் நடுவுல ஒரு தையல் போட்டு சேத்தா ரெண்டு பக்கமும் ரத்தம் போகும், நடு லீக் நிக்கும்னு காட்டினாரு, அதே யோசனையத்தான் தொடை ரத்தக்குழாய் வழியா போய் க்ளிப்பா மாட்டுறாங்க, மைட்ராக்ளிப்னு பேரு. செகண்டரி லீக்லயும் மருந்து முழுசா குடுத்தும் தொந்தரவு குறையாத சிலருக்கு இது நல்லா வேலை செய்யும்னு 2018ல வந்த கோஆப்ட் ஆய்வு காட்டுச்சு. விலை பல லட்சம். நல்லா ஆபரேஷன் தாங்கக்கூடிய 45 வயசு ஆளு "கத்தி வேண்டாம், க்ளிப் போடுங்க"ன்னு கேக்குறது எனக்குச் சரியாப் படல, அந்த வயசுக்கு நல்ல ரிப்பேர்தான் மேல்.

பணம். தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வால்வு ஆபரேஷன் வருது, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். விஏஓகிட்ட வருமானச் சான்று, ஸ்மார்ட் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ரெடியா வச்சுக்கோங்க. அட்மிஷனுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில இருக்குற காப்பீட்டு டெஸ்க்ல எந்த வால்வு, எந்த ரிங் கவர் ஆகுது, கைக்காசு எவ்ளோன்னு எழுதி வாங்குங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட போய் சொத்தை, சீழ் எல்லாம் சுத்தம் பண்ணிக்கணும், வாய்க் கிருமி ரத்தத்துல போய் புது வால்வுல ஒட்டுனா பெரிய வம்பு. 40 தாண்டினவங்களுக்கு ஆஞ்சியோவும் பாப்பாங்க. வெளிய வந்ததும் மூணு பந்து இருக்குற ஒரு கருவி குடுப்பாங்க, எல்லாரும் அத ஊதுறாங்க, ஊதக்கூடாது, உறிஞ்சணும், உறிஞ்சினாத்தான் நுரையீரல் விரியும். நெஞ்செலும்பு கூட ஆறுலருந்து எட்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்புள்ள எதையும் தூக்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, இருமுறப்ப தலகாணிய நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்கணும். முதல் ரெண்டு மூணு வாரம் தூக்கம் வராது, பசிக்காது, திடீர்னு அழுகையா வரும், ஆபரேஷன் முடிஞ்ச நெறைய பேருக்கு இப்படித்தான் இருக்கும், வீட்டுல இருக்குறவங்க அதப் புரிஞ்சுக்கணும்.

அசிட்ரோம் போடுறவங்க ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) பாக்காம இருக்கவே கூடாது, மைட்ரல் மெட்டல் வால்வுக்கு பொதுவா 2.5லருந்து 3.5க்குள்ள, அயோர்டிக்குக்கு 2லருந்து 3க்குள்ள வைப்பாங்க. கீரையே சாப்பிடக்கூடாதுன்னு சொல்லுவாங்க, அது தேவையில்ல, ஒரு வாரம் முருங்கைக்கீரை தெனமும், அடுத்த வாரம் சுத்தமா இல்லன்னு இருந்தாத்தான் ஐஎன்ஆர் தாறுமாறா ஆடும், ஒரே அளவா சாப்பிட்டுட்டு வாங்க. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல சொல்லி வாங்குற மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதுவும் கேக்காம வேண்டாம். ஐஎன்ஆர் பாக்குற தொல்லையே வேண்டாம்னு புதுசா வந்த ரத்தம் நீர்க்கிற மாத்திரைக்கு மாறலாமான்னு கேக்குறாங்க, மெட்டல் வால்வுக்கு கூடாது, டாபிகாட்ரான வச்சு சோதிச்சப்ப கட்டி உறைஞ்சது, ரத்தக்கசிவு ரெண்டுமே அதிகமா வந்து அந்த ஆய்வையே பாதில நிறுத்தினாங்க.

ருமாட்டிக்கால வந்தவங்க வால்வு மாத்தியாச்சு, இனி எதுக்குன்னு மூணு வாரத்துக்கு ஒருக்கா போடுற பென்சிலின் ஊசிய விட்டுறாதீங்க, மத்த வால்வையும் அந்தக் காய்ச்சல் தாக்கும், எத்தன வயசு வரைக்கும்னு டாக்டர் சொல்லணும், நீங்களா நிறுத்தக் கூடாது. ரிங் வச்சிருந்தாலும் வால்வு மாத்தியிருந்தாலும் பல் பிடுங்குறதுக்கு, வேர் வைத்தியத்துக்கெல்லாம் முன்னாடி ஆன்டிபயாடிக் போடணும், பல் டாக்டர் கேக்கலன்னாலும் நீங்க சொல்லுங்க. காரணமில்லாம காய்ச்சல் ரெண்டு நாளைக்கு மேல போனா மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்காம, நேரா ஆஸ்பத்திரி போய் வால்வு வச்சிருக்குன்னு சொல்லி, மருந்துக்கு முன்னாடியே பிளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) எடுக்கச் சொல்லுங்க. டிஸ்சார்ஜ் அப்ப குடுக்குற வால்வு கார்டுல பேர், சைஸ், சீரியல் நம்பர் இருக்கும், அத போன்ல போட்டோ எடுத்து வீட்டுல ரெண்டு பேருக்காவது அனுப்பி வச்சிருங்க.