மழைக்காட்டின் ஓரத்தில் குறைந்த செலவு வீடு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

மழைக்காட்டை ஒட்டிய நிலத்தில் வீடு கட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, சுவரை எதைக்கொண்டு எழுப்புவது என்பதைத்தான். மண்ணா, மூங்கிலா, சிமெண்ட்டா என்ற அந்தக் கேள்வி தேவையானதே. ஆனால் அது நான்காவதாக வரவேண்டியது. சுவர் காட்டுக்குச் செய்யும் தீங்கைவிட, அந்த வீட்டுக்காகப் போடப்படும் பாதையும், வெட்டப்படும் சரிவும், ஆண்டுக்கணக்கில் எரியும் அடுப்பும் செய்யும் தீங்கு அதிகம். ஆகவே இந்த விளக்கம் பாதையில் தொடங்கி அடுப்பில் முடிகிறது. சுமார் 50 சதுர மீட்டர் பரப்புள்ள ஒற்றைத் தள வீட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன்.

படி 1: பாதையை முடிவு செய்தல்

அமேசான் பகுதியில் அழிந்த காட்டில் ஏறத்தாழ 95 சதவீதம், சாலைகளிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ படகு செல்லும் ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ இருந்தது என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பாதை வந்த பிறகுதான் மற்றவை வருகின்றன. எனவே ஏற்கெனவே மரம் அழிக்கப்பட்ட, ஏற்கெனவே பாதை உள்ள நிலத்தையே தேர்ந்தெடுங்கள். பல குடும்பங்கள் சேர்ந்து கட்டுவதாயின் வீடுகளை ஆங்காங்கே சிதறவிடாமல் ஓரிடத்தில் நெருக்கமாக அமைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பாதை போதுமாறு செய்வது நல்லது. பக்கத்து வீடுகளுக்குப் பொதுச்சுவர் வைத்தால் கட்டுமானச் செலவும் அங்கேயே குறையத் தொடங்கும்.

பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு அருகே 1979-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. காடு துண்டுபடும்போது அதன் விளிம்பில் வெயிலும் காற்றும் புகுந்து, ஈரம் குறைந்து, பெரிய மரங்கள் வழக்கத்தைவிட விரைவாகச் சாகின்றன. விளிம்பிலிருந்து உள்நோக்கி 100 மீட்டர் அளவுக்கு இந்தப் பாதிப்பு தெளிவாகத் தெரிகிறது. காட்சி அழகுக்காக வீட்டைக் காட்டின் மடியிலேயே வைப்பவர்கள் எந்தக் காட்சியைத் தேடி வந்தார்களோ அதையே உலர்த்துகிறார்கள். வீட்டை நிலத்தின் மறுகோடிக்குத் தள்ளிவைத்து, இடைப்பட்ட நிலத்தில் அந்தக் காட்டுக்கே உரிய மரங்களும் புதர்களும் முளைத்து அடர விடுங்கள்.

படி 2: மழையில் நனைந்து நிலத்தைப் பார்த்தல்

நல்ல மழை பெய்யும் நாளில், குடையும் ஒரு கட்டு முளைக்குச்சிகளும் எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் ஓடும் தடங்கள் ஒவ்வொன்றிலும் குச்சி நட்டுக்கொண்டே போனால், வீடு எங்கே வரக்கூடாது என்பதை அந்தக் குச்சிகளே சொல்லிவிடும். பிறகு வெயில் நாளில், கண்ணாடி போன்ற தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி, அதை மட்டம் பார்க்கும் கருவியாகப் பயன்படுத்தி, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துக் கோடு போடுங்கள். வீட்டின் நீளவாக்கு அந்தக் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். சரிவை வெட்டிச் சமதளமாக்கினால், வெட்டிய மண் அடுத்த மழையில் கீழேயுள்ள ஓடைக்குப் போய்ச் சேரும். அதைத் தடுக்கத் தாங்குசுவர் கட்டும் செலவும் உங்கள் தலையில் விழும். சரிவு அதிகமானால் தூண்களின் மேல் வீட்டை நிறுத்தி, தண்ணீர் அடியில் ஓட வழிவிடுவதே மலிவானது.

படி 3: வரைபடம்

ஈரப்பதம் மிகுந்த இடத்தில் தடித்த சுவர் குளிர்ச்சி தரும் என்று நம்பிவிட வேண்டாம். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு பெரிதாக இல்லாத இடத்தில் உடலுக்கு இதம் தருபவை நிழலும் காற்றோட்டமும்தான். ஆகவே ஓர் அறையின் ஆழமே வீட்டின் அகலமாக இருக்கட்டும்: 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், எதிரெதிர்ச் சன்னல்கள், கூரையின் முகட்டில் வெப்பக்காற்று வெளியேற ஓர் இடைவெளி. சுவர் நீளங்களையும் சன்னல் அகலங்களையும், அடுத்த படிகளில் வரும் மண்கல்லின் நீளத்துக்குப் பொருந்துமாறு வைத்தால், உடைத்து வீணாகும் கற்கள் வெகுவாகக் குறையும். பின்னாளில் அறை சேர்க்க வேண்டிவந்தால், அது தாழ்வாரத்தை அடைத்துச் செய்வதாக இருக்கட்டும். காட்டை நோக்கி வளரும் வரைபடம் வேண்டாம்.

படி 4: மண்ணைச் சோதித்தல்

இனிதான் சுவர். சுட்ட செங்கல்லுக்குச் சூளை வேண்டும், சூளைக்கு விறகு வேண்டும்; காட்டோரத்தில் அந்த விறகு எங்கிருந்து வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே சிறிதளவு சிமெண்ட் சேர்த்து அழுத்திய, சுடாத மண்கல்லையே பரிந்துரைக்கிறேன்.

மேல்மண்ணை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அகற்றித் தனியே குவித்துவிடுங்கள். மட்கு கலந்த அந்த மண் தோட்டத்துக்கு உகந்தது, கல்லுக்கு உதவாது. அதற்குக் கீழுள்ள மண்ணை ஒரு கண்ணாடிச் சாடியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் இட்டு, நன்றாகக் குலுக்கி வையுங்கள். சில நிமிடங்களுக்குள் மணல் அடியில் படியும். அதன் மேல் வண்டல் படியும். களிமண் தெளிந்து படிய ஒரு நாள்கூட ஆகலாம். மறுநாள் அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, மொத்தப் படிவில் பாதிக்கு மேல் மணலும் 15 முதல் 20 சதவீதம் வரை களியும் இருந்தால் கவலையில்லை. களி மிகுந்திருந்தால் மணல் சேர்க்கலாம், அல்லது சிமெண்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பு சேர்க்கலாம்.

எவ்வளவு மண் தேவை என்பதையும் முன்பே கணக்கிட வேண்டும். 40 மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் உயரமும் 14 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள சுவர்களில் கதவு சன்னல்களைக் கழித்தால் ஏறத்தாழ 13 கன மீட்டர் வருகிறது. நீளத்திலும் அகலத்திலும் 3 மீட்டர், ஆழத்தில் 2 மீட்டர் உள்ள ஒரு குழியில் மேல்மண் போக 15 கன மீட்டருக்குச் சற்று அதிகமாகவே கிடைக்கும். மழைநீர்த் தொட்டிக்கு எப்படியும் குழி வேண்டும் அல்லவா? அதே குழியிலிருந்து சுவரும் வந்துவிடுகிறது. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடமானால், காலித் தொட்டியை அது மேலே தூக்கிவிடும்; அங்கே தொட்டியைத் தரைக்கு மேல் வைத்து, குழியைக் குளமாக விட்டுவிடுங்கள்.

படி 5: கல் அறுத்தல்

1950-களில் கொலம்பியாவில் ராவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய சின்வா-ராம் என்னும் கையழுத்தக் கருவிதான் இன்றைய மண்கல் கருவிகள் பலவற்றுக்கும் முன்னோடி. மின்சாரம் இல்லாமல், நெம்புகோலைக் கையால் இழுத்தே கல்லை எடுக்கலாம். சலித்த மண்ணில் 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட்டை உலர்ந்த நிலையிலேயே கலந்து, பிறகு நீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு கை மண்ணை உருண்டையாக இறுக்கி, மார்பளவு உயரத்திலிருந்து கெட்டியான தரையில் போடுங்கள். பொடியாகச் சிதறினால் நீர் போதாது. உடையாமல் தட்டையாக அமுங்கினால் நீர் அதிகம். நான்கைந்து துண்டாக உடைந்தால் உடனே அழுத்தத் தொடங்கலாம். கலந்த கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும் அளவுக்கே கலக்குங்கள்.

அறுத்த கற்களை நிழலில் அடுக்கி, மூடி, 28 நாட்கள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பத்தாம் நாளே சுவரில் ஏறிய கல் முதல் மழைக்காலத்தில் விளிம்பு உதிரத் தொடங்கும்.

படி 6: அடிப்பகுதியும் கூரையும்

மண்சுவரும் மூங்கிலும் கேட்பவை இரண்டே: காலில் ஈரம் படக்கூடாது, தலையில் மழை படக்கூடாது. அடித்தளத்தைக் கருங்கல்லால் தரைக்கு மேல் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உயர்த்தி, இறவாரத்தைச் சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் அளவுக்கு நீட்டுங்கள்.

கூரைக்கு மூங்கில் போதும். மூன்று முதல் ஐந்து ஆண்டு முற்றிய கழிகளை வெட்டி, கணுத்தடுப்புகளைத் துளைத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஊறவைத்தால் பூச்சி அரிக்காது. மிஞ்சிய கரைசலை ஓடைப்பக்கம் கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள போரான் செடிகளைக் கருக்கும். அடுத்த தொகுதிக் கழிகளுக்கு அதையே வலுவூட்டிப் பயன்படுத்தலாம்.

பலர் எண்ணிப் பார்க்காத மரம் ஒன்று உண்டு. கதவுக்கும் நிலைக்கும் எத்தனை கன அடி என்று துல்லியமாகக் கணக்கிடுகிறவர்கள், சாரத்துக்கும் முட்டுக்கும், கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கும் போகும் மரத்தை விட்டுவிடுகிறார்கள். கான்கிரீட் தளம் போட்டால், கட்டி முடித்ததும் வீட்டில் எங்கும் தென்படாத இளமரங்கள் பல அதற்காக வெட்டப்பட்டிருக்கும். தளத்தைத் தவிர்க்க முடியாதென்றால் இரும்பு முட்டுகளை வாடகைக்கு எடுங்கள்.

படி 7: நீர், கழிப்பறை, அடுப்பு

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில் 50 சதுர மீட்டர் கூரையில் ஒரு லட்சம் லிட்டர் விழும்; காட்டோடையைக் குழாய் போட்டு இழுக்க வேண்டிய அவசியமே இருக்காது. ஒவ்வொரு மழையிலும் முதல் 50 முதல் 100 லிட்டர் வரையிலான நீரைத் தனிக்குழாயில் வெளியேற்றிவிட்டு மீதத்தைத் தொட்டிக்கு விடுங்கள். கழிப்பறைக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரட்டைக் குழி ஏற்றது, குழியின் அடி நிலத்தடி நீரைத் தொடாத வரையில். தொடுமானால் தரைக்கு மேல் அமையும் உலர் கழிப்பறைதான் பாதுகாப்பு. குளியல் நீரை வாழைக்கும் ஒரு மூங்கில் புதருக்கும் விடுங்கள். கூரைக்கழி மாற்ற வேண்டிய காலத்தில் அந்தப் புதர் வெட்டுக்குத் தயாராக இருக்கும்.

கடைசியாக அடுப்பு. நாளொன்றுக்கு 5 கிலோ விறகு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,825 கிலோ. பத்து ஆண்டில் 18 டன்னுக்கு மேல். இந்த வீட்டின் கதவு, நிலை, கூரைக்கழி அனைத்தையும் சேர்த்தாலும் அந்த எடைக்குப் பக்கத்தில் வராது. மாடு வளர்க்கும் வீடாயின் சாண எரிவாயுக் கலனுக்கு வரைபடத்திலேயே இடம் ஒதுக்குங்கள். விறகுதான் என்றால், புகைபோக்கி வைத்த மூடிய அடுப்பைக் கட்டி, சமையலறைப் பக்கத்து இறவாரத்தை மேலும் அரை மீட்டர் நீட்டி, அதன் அடியில் தரையிலிருந்து உயர்த்திய விறகுத் தட்டு ஒன்றை அமையுங்கள். ஈர விறகு தன் ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆறு மாதம் அந்தத் தட்டில் காய்ந்த விறகு அதே சோற்றைக் குறைவாக எரிந்தே வேகவைக்கும்.