கலர் சார்ட் புதிரில் மாட்டிக்கொண்டீர்களா? மேலே பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள்

வாட்டர் சார்ட், பால் சார்ட், கலர் சார்ட் என்று எந்தப் பெயரில் ஃபோனில் இறக்கினாலும் உள்ளே இருப்பது ஒரே ஆட்டம்தான். ஆரம்ப லெவல்கள் விரல் போன போக்கில் தட்டினாலே முடிந்துவிடும். அப்புறம் திடீரென்று ஒரு லெவலில் எல்லாம் பூட்டிக்கொள்ளும். அன்டூ, ரீஸ்டார்ட், மறுபடி அன்டூ, நடுவில் அரை நிமிட விளம்பரம். கடைசியில் "இதெல்லாம் அதிர்ஷ்டம்" என்று அழித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையே இல்லை. நிறங்கள் எல்லாம் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் விஷயம். சின்னதாக, ஆனால் நன்றாகக் கடிக்கிற ஒரு லெவலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் போட்டுப் பார்ப்போம்.

விதி, சுருக்கமாக

கலந்து கிடக்கிற நிறங்களைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்தையும் ஒரே ட்யூபில் சேர்ப்பதுதான் ஆட்டம். ஒரு ட்யூபில் நாலு அடுக்கு. ஒவ்வொரு நிறமும் மொத்தம் நாலு அடுக்கு இருக்கும். மேலே தெரிகிற நிறத்தை மட்டும்தான் ஊற்ற முடியும். ஊற்றுகிற இடம் காலி ட்யூபாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே மேலே அதே நிறம் இருந்து இடமும் மிச்சமிருக்க வேண்டும். ஒரே நிறம் அடுத்தடுத்து இருந்தால் சேர்ந்தே போகும். இடம் போதாவிட்டால் கொள்கிற அளவு போய், மிச்சம் இருந்த இடத்திலேயே நிற்கும்.

பால் சார்ட்டில் ஒவ்வொரு பந்தாக நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஜப்பானில் உள்ள கணினி அறிவியல் ஆய்வாளர்கள் 2022-இல் இந்த இரண்டையும் ஆராய்ந்தார்கள். ஓர் அடுக்கமைப்பைப் பந்தாகத் தீர்க்க முடியும் என்றால் தண்ணீராகவும் தீர்க்க முடியும், ஒன்றில் முடியாதது மற்றதிலும் முடியாது என்று நிரூபித்தார்கள். கொடுத்த லெவலுக்கு விடை உண்டா என்று சொல்வது பொதுவாக என்.பி. முழுமை வகைக் கணக்கு என்பதும் அதே ஆய்வில் வந்தது. அதாவது, எவ்வளவு பெரிய லெவலானாலும் சட்டென்று விடை சொல்லிவிடும் குறுக்குவழி எதுவும் இதுவரை யாருக்கும் தெரியாது. ஆகவே மாட்டிக்கொண்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதோ லெவல்

ஐந்து ட்யூப், நாலு நிறம், ஒரே ஒரு காலி. மேலிருந்து கீழாகப் படியுங்கள்:

ட்யூப் 1: சிவப்பு, பச்சை, மஞ்சள், மஞ்சள்
ட்யூப் 2: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை
ட்யூப் 3: நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள்
ட்யூப் 4: நீலம், பச்சை, நீலம், சிவப்பு
ட்யூப் 5: காலி

ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு, கலர் பென்சிலாலோ சட்டைப் பித்தான்களாலோ அடுக்கிக்கொண்டு கூடவே வந்தால் நல்லது. வெறுமனே வாசித்துக்கொண்டு போனால் நாலாவது நகர்த்தலில் குழம்பிவிடும்.

படி 1: தொடுவதற்கு முன் அடியைப் படியுங்கள்

மேலே பார்த்தால் சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு. எதை வேண்டுமானாலும் காலி ட்யூபில் சேர்க்கலாம் போலத் தெரியும். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து முதல் கண்ணில் பட்ட சிவப்பைத் தட்டுவார்கள்.

இப்போது அடியைப் பாருங்கள். ஒன்றில் மஞ்சள், அதுவும் இரண்டு அடுக்கு. இரண்டில் பச்சை. மூன்றில் மஞ்சள். நான்கில் சிவப்பு.

அடியில் கிடக்கிற நிறத்துக்கு வீடு ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேலே உள்ளதெல்லாம் கிளம்பிவிட்டால், மற்ற மூன்றும் அங்கேயே வந்து சேரலாம். மஞ்சளுக்கு ட்யூப் 1, பச்சைக்கு ட்யூப் 2, சிவப்புக்கு ட்யூப் 4. எந்த ட்யூபின் அடியிலும் இல்லாத நிறம் எது? நீலம். அப்படியானால் காலி ட்யூப் யாருக்குப் போக வேண்டும் என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை.

இது நூற்றுக்கு நூறு செல்லும் சட்டம் இல்லை. பெரிய லெவல்களில் அடியில் இல்லாத நிறங்கள் இரண்டு மூன்று இருக்கும், காலி ட்யூபும் இரண்டு இருக்கும். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழிக்கும்போது இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

சந்தேகம் இருந்தால் சிவப்பையே ஊற்றிப் பாருங்கள். இரண்டு சிவப்பும் 5-க்குப் போனதும் 1-இல் பச்சை, 2-இல் மஞ்சள் வெளியே வரும். 3-இலும் 4-இலும் நீலம் நிரம்பி நிற்கும். பச்சைக்கு ஜோடி இல்லை, மஞ்சளுக்கு ஜோடி இல்லை, நீலத்துக்கு இடம் இல்லை. இரண்டே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

படி 2: நீலத்தை இறக்குங்கள்

3-இலிருந்து 5-க்கு, 4-இலிருந்து 5-க்கு. இப்போதைய நிலை:

ட்யூப் 1: சிவப்பு, பச்சை, மஞ்சள், மஞ்சள்
ட்யூப் 2: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை
ட்யூப் 3: சிவப்பு, பச்சை, மஞ்சள்
ட்யூப் 4: பச்சை, நீலம், சிவப்பு
ட்யூப் 5: நீலம், நீலம்

படி 3: எந்தச் சிவப்பு?

ட்யூப் 3-இன் மேலே சிவப்பு, அதற்கு மேல் ஓர் இடம். அங்கே 1-இன் சிவப்பும் போகலாம், 2-இன் சிவப்பும் போகலாம். இரண்டும் அதே சிவப்புதான். ஆனால் கீழே ஒளிந்திருப்பது வேறு வேறு.

ஊற்றுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இதை எடுத்தால் அடியில் எது வெளியே வரும், அதற்குப் போக இடம் இருக்கிறதா?

2-இன் சிவப்பை எடுத்தால் மஞ்சள் வரும். மேலே வேறு எங்கும் மஞ்சள் இல்லை. 1-இன் சிவப்பு நகர முடியாது, 3-உம் நிரம்பிவிட்டது, மற்ற மூன்றிலும் மேலே மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒன்றோடொன்று ஒட்டாதவை. பூட்டு.

1-இன் சிவப்பை எடுத்தால் பச்சை வரும். 4-இன் மேலேயும் பச்சை. வழி திறந்தது. ஆகவே 1-இலிருந்து 3-க்கு.

கலர் சார்ட்டில் தோற்கிற இடம் பெரும்பாலும் இதுதான். "சிவப்பைச் சிவப்போடு சேர்" என்று கண் சொல்லும். எந்தச் சிவப்பை என்று அது சொல்லாது.

படி 4: பச்சை எந்தப் பக்கம்?

1-இன் மேலே ஒரு பச்சை, 4-இன் மேலே ஒரு பச்சை. இரண்டிலும் ஓர் இடம் காலி. இங்கிருந்து அங்கேயா, அங்கிருந்து இங்கேயா? விளையாடுகிற பலருக்கும் இது ஒரு தேர்வு என்றே தோன்றாது. இரண்டும் சேர்ந்தால் போதும் என்று தட்டிவிடுவார்கள்.

அதே கேள்வியைக் கேளுங்கள். 1-இலிருந்து பச்சை போனால் அங்கே இரண்டு மஞ்சள் மட்டும் மிஞ்சும். பார்க்க அழகாக இருக்கும், பாதி ட்யூப் காலியான மாதிரி மனசுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் மேலே வேறு மஞ்சள் கிடையாது, 2, 3, 4-இன் மேலே சிவப்பு, சிவப்பு, பச்சை என்று மூன்றும் நிரம்பியவை, 5-இல் நீலம் மட்டும். செத்தது ஆட்டம்.

4-இலிருந்து பச்சை போனால் நீலம் வெளியே வரும். நீலத்துக்கு 5-இல் இடம் காத்திருக்கிறது. அதற்கும் கீழே சிவப்பு, தன் வீட்டிலேயே.

எனவே 4-இலிருந்து 1-க்குப் பச்சை. உடனே 4-இலிருந்து 5-க்கு நீலம்.

ட்யூப் 1: பச்சை, பச்சை, மஞ்சள், மஞ்சள்
ட்யூப் 2: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை
ட்யூப் 3: சிவப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள்
ட்யூப் 4: சிவப்பு
ட்யூப் 5: நீலம், நீலம், நீலம்

படி 5: இனி சரிவுதான்

3-இன் இரண்டு சிவப்பும் 4-க்கு. 2-இன் சிவப்பும் 4-க்கு. சிவப்பு முடிந்தது. 1-இன் இரண்டு பச்சையை 3-க்கு ஊற்றுங்கள், 1-இல் மஞ்சள் இரண்டு நிற்கும். 2-இன் மஞ்சள் 1-க்கு, 2-இன் நீலம் 5-க்கு, நீலமும் முடிந்தது. 2-இன் அடியில் ஒற்றைப் பச்சை. 3-இன் மூன்று பச்சையும் அங்கே போகட்டும். மிஞ்சிய மஞ்சள் 3-இலிருந்து 1-க்கு.

மொத்தம் 12 நகர்த்தல். முதல் படியில் அடியைப் பார்த்துச் சொன்ன வீடுகள் அத்தனையும் அப்படியே வந்திருக்கின்றன: 1 மஞ்சள், 2 பச்சை, 4 சிவப்பு, 5 நீலம்.

மாட்டிக்கொண்டோமா என்று எப்படித் தெரியும்?

காலி ட்யூப் இல்லை. இடம் மிச்சமுள்ள ட்யூபுகளின் மேல்நிறங்கள் எல்லாம் வேறு வேறு. நிரம்பிய ட்யூபுகளின் மேல்நிறம் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் பூட்டுதான், அங்கே நின்று யோசிப்பது வீண். கடைசி நகர்த்தலை மட்டும் அன்டூ செய்யாமல், இரண்டு வழி இருந்த இடம் வரைக்கும் பின்னால் போங்கள். மேலே பார்த்த லெவலில் அப்படி மூன்றே இடம்: முதல் நகர்த்தல், சிவப்பு, பச்சை. மற்றதெல்லாம் தானாக வந்தவை.

சில ஆட்டங்களில் அன்டூவை எண்ணித்தான் தருவார்கள். அங்கே ரீஸ்டார்ட் மேல். முன்னால் போட்ட நகர்த்தல்கள் எப்படியும் நினைவில் இருக்கும்.

பெரிய லெவலில்

12 நிறம், 14 ட்யூப் என்று வரும்போது மொத்தத்தையும் மனசில் ஓட்ட யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். ஒரே ஒரு ட்யூபைக் காலி செய்வதை மட்டும் இலக்காக வையுங்கள். எந்த ட்யூபின் மேலடுக்குகளுக்கு அதிகமாக இடம் தயாராக இருக்கிறதோ அதுதான் உங்கள் ட்யூப். கல்யாண மண்டப வாசலில் உள்ளே மாட்டிய வண்டியை எடுக்கிற மாதிரி: முன்னால் நிற்கிற வண்டிக்கு இடம் பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போட வேண்டும்.

இரண்டு காலி ட்யூப் இருந்தால் ஒன்றைத்தான் தொட வேண்டும். இரண்டாவதைத் தொடுவதென்றால், அந்த நகர்த்தலுக்குப் பின் இன்னொரு ட்யூப் காலியாகும் என்று கண்ணால் கண்டிருக்க வேண்டும். காண்கிற தூரம் மூன்று நகர்த்தல் இருந்தால் போதும்.

அடியடுக்குகளைக் கேள்விக்குறியாக மறைத்துவைக்கிற லெவல்களும் உண்டு. அவற்றில் முதல் ஆட்டத்தை ஜெயிப்பதற்காக ஆடாதீர்கள், வேவு பார்க்க ஆடுங்கள். எந்த ட்யூபில் என்ன வெளியே வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போய், மாட்டிக்கொண்டதும் ரீஸ்டார்ட். சில ஆட்டங்களில் ரீஸ்டார்ட் செய்தாலும் அடுக்கு மாறாது. அப்படி மாறாமல் இருந்தால் இரண்டாம் முறை அது சாதாரண லெவல்.

எக்ஸ்ட்ரா ட்யூப் எப்போது?

விளம்பரம் பார்த்தால் கூடுதலாக ஒரு ட்யூப் தருகிறார்களே, அதைத் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் அது வீண். எந்த நிறத்துக்கு வீடு இல்லை என்று தெரிந்த பிறகு வாங்கினால்தான் அதற்கு மதிப்பு.

அதே லெவலில் ட்யூப் 4-இன் கடைசி இரண்டு அடுக்கை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள்: நீலம், பச்சை, சிவப்பு, நீலம். மற்ற ட்யூபுகள் அப்படியே. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு எந்த வரிசையில் ஊற்றினாலும் லெவல் முடியாது. அடியில் இல்லாத நிறம் இப்போது சிவப்பு, ஆனால் சிவப்பைக் காலி ட்யூபில் இறக்கினால் முன்பு பார்த்தபடி இரண்டே நகர்த்தலில் பூட்டு. நீலத்தை இறக்கினால் கொஞ்ச தூரம் ஓடும். 4-இன் பச்சையை 1-க்கு ஊற்றும் வரை எல்லாம் பழையபடியே போகும், அப்புறம் நீலத்தின் தலைமேல் சிவப்பு உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் ஆறாவது ட்யூப் ஒன்றை வாங்கி, நாலு சிவப்பையும் அதில் இறக்குங்கள். 4-இல் தனித்து நிற்கும் நீலம் 5-க்குப் போகும், 4 முழுக்கக் காலி. மீதியை நீங்களே ஊற்றிவிடலாம்.