வீட்டு மின்நுகர்வும் வெளி வெப்பநிலையும்: பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அளவுகளைத் தானாகப் பதியும் டேட்டா லாகர் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே தப்பான எண்ணை எழுதினால் மாதக்கணக்கில் தெரியாது. இங்கே சொல்பவை பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் சிடி கிளாம்பை ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வ விட்டால், எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். அளவு பூஜ்யம்தான் வரும். ஒரே ஒயரில்தான் மாட்ட வேண்டும். எஸ்சிடி-013-000 வகை கிளாம்ப் 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும், அதை வோல்டேஜாக மாற்றும் பர்டன் ரெசிஸ்டரை நாம்தான் போட வேண்டும். பார்க்க அச்சாக அதே மாதிரி இருக்கும் 013-030-இல் ரெசிஸ்டர் உள்ளேயே உண்டு; இன்னொன்றையும் சேர்த்தால் அளவு குறைந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு முன்னால் வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும் என்பதால், மாட்டும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது ஆம்பியரை 230-ஆல் பெருக்கி வாட் என்று எழுதிக்கொள்வதில். அது வோல்ட்-ஆம்பியர், வாட் அல்ல. பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியரில் எத்தனை பங்கு வாட் என்ற விகிதம்) 0.5 உள்ள 10 வாட் எல்இடி பல்பு இந்தக் கணக்கில் 20 என்று வரும். ஹீட்டருக்கோ சரியாகவே வரும். ஹீட்டரை வைத்துச் சோதிப்பவர் ஏமாறுவது அதனால்தான். வோல்டேஜையும் சேர்த்து அளக்கும் பிஇசட்இஎம்-004டி போன்ற மாட்யூல் போடுங்கள். இல்லையென்றால் மீட்டரில் மினுக்கும் எல்இடியை ஒளி சென்சார் வைத்து எண்ணலாம்: யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்றால், 2.25 விநாடிக்கு ஒரு துடிப்பு 500 வாட். சென்சார்மேல் வேறு வெளிச்சம் விழுந்தால் இல்லாத துடிப்பும் கணக்கில் ஏறும். கருப்பு டேப் ஒட்டி மறையுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கணத்து வாட்டை மட்டும் பதிந்தால், மூன்று நிமிடம் ஓடிய கெட்டில் பதிவில் இல்லாமலே போகலாம். ஏறிக்கொண்டே போகும் மொத்த யூனிட்டைப் பதியுங்கள். நடுவே சில வரிகள் விடுபட்டாலும் மொத்தக் கணக்கு தப்பாது.

வெப்பநிலை சென்சாரை வெயில் படும் சுவரிலோ ஏசியின் வெளி யூனிட் அருகிலோ வைத்தால் அது காற்றை அளக்காது. தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், காற்று புகும் வெள்ளை அடுக்குத் தட்டுக் கூண்டுக்குள் வையுங்கள். டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சாரில் 85 என்பது பவர் வந்ததும் இருக்கும் தொடக்க மதிப்பு. 12 பிட் நுணுக்கத்தில் அளக்க 750 மில்லி விநாடி வரை பிடிக்கும். அவசரப்பட்டுப் படித்தால் அந்த 85 கிடைக்கும். ஆர்டுயினோ (சென்சாரைப் படிக்கும் சிறு கணினிப் பலகை) லைப்ரரி -127 என்று காட்டினால் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. -127 கண்ணில் பட்டுவிடும், ஆபத்து 85-தான். 30 டிகிரியில் 29 அளவுகளோடு ஒரே ஒரு 85 கலந்தால் சராசரி 31.8, யாருக்கும் சந்தேகம் வராது. சராசரி போடுவதற்கு முன்பே அதை நீக்குங்கள். அந்த இடத்தில் பூஜ்யம் போடாமல் காலியாக விடுங்கள்.

மின்தடை முடிந்ததும் ரவுட்டருக்கு முன்பே லாகர் எழுந்துவிடும்; இணையத்திலிருந்து நேரம் கிடைக்காமல், கணினி நேரம் தொடங்கும் ஆண்டான 1970 என்று எழுதிவைக்கும். பேட்டரியுடன் கூடிய டிஎஸ்3231 கடிகாரம் இதைத் தடுக்கும்.

ஒரு வாரம் மீட்டர் எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தினமும் ஒரே விகிதத்தில் இருந்தால் ஒரு பெருக்கல் எண்ணால் சரிசெய்யலாம். நாளுக்கு நாள் விகிதம் மாறினால் அதைத் திருத்த முயலாதீர்கள். பவர் ஃபேக்டரையோ விடுபட்ட பதிவுகளையோ தேடுங்கள்.