மறதியில்லாத துப்பறிவாளரை வன்னியில் உலவவிடுவது எப்படி

துப்பறியும் தொடர் எழுத ஆசைப்பட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே நாயகனைத்தான் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவன் கண்டதெல்லாம் மனதில் பதிந்துவிடும். நூறு வாகன இலக்கங்களை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பான். மூன்றாம் அத்தியாயத்திலேயே கொலைகாரனைக் காட்டிவிடுவான். பிறகு நான்காம் அத்தியாயம் எதற்கு? உப தபால் அலுவலகத்தில் கடிதங்களுக்குத் திகதி முத்திரை குத்தியே தலை நரைத்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு இப்படிப்பட்ட கதைகளை எழுதிப் பழகியதில் கைவந்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை, எந்த வகை நினைவு என்று தீர்மானிப்பது. பயிற்சியால் வரும் நினைவு நமக்குப் புதிதல்ல. ஒருமுறை கேட்டதைத் திருப்பிச் சொல்பவரை ஏகசந்தக்கிராகி என்றோம். புலோலி நா. கதிரைவேற்பிள்ளை, ஒரே நேரத்தில் நூறு விடயங்களில் கவனம் வைக்கும் சதாவதானி என்று பெயர் பெற்றவர். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். மற்ற வகை யாரும் பழகாமல் வருவது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2006இல் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த ஜில் பிரைஸ் என்ற பெண்ணிடம் 1980க்குப் பிந்திய ஒரு திகதியைச் சொன்னால் கிழமையைச் சொல்வார், அன்று தான் என்ன செய்தார் என்றும் சொல்வார். ஆனால் பாடத்தை மனப்பாடம் செய்வதில் அவர் கெட்டிக்காரி அல்லர்.

கதைக்கு இந்த இரண்டாம் வகைதான் தோது. வாகன இலக்கம் உங்கள் நாயகிக்கு நினைவிருக்காது. அந்த வாகனத்திலிருந்து இறங்கியவனின் செருப்பு வார் அறுந்திருந்தது நினைவிருக்கும். இரண்டு வகையையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தால் அவள் தெய்வமாகிவிடுவாள். தெய்வத்துக்குத் துப்பறிய வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது, இந்த வரத்துக்கு என்ன விலை என்பது. 2015இல் தொடங்கிய டேவிட் பால்டாச்சியின் ஏமஸ் டெக்கர் தொடரில், அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தில் தலையில் விழுந்த அடியால் நாயகனுக்கு மறதி போய்விடுகிறது. பின்னர் தன் குடும்பம் கொலையுண்டு கிடந்த காட்சியையும் அவனால் மறக்க முடியாமல் போகிறது. அங்கே அது பொருந்துகிறது. இங்கே, இலங்கையின் வடக்கில் போர் கடந்துபோன வன்னியில், அதையே விலையாக வைக்காதீர்கள். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் உங்கள் கதையை வாசிக்கப்போகும் எவரிடமும் மறக்க முடியாத காட்சி ஒன்றாவது இருக்கும். அதற்கு அதிசய மூளை தேவையில்லை. இங்கே அதிசயம், ஒன்றுமே நடக்காத நாளை நினைவில் வைத்திருப்பது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கடல் வந்ததை முல்லைத்தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டிசம்பர் 14 செவ்வாய்க்கிழமை பின்னேரம் யார் எந்த ஒழுங்கையால் வேலிக்கு நடும் கதியால் ஏற்றிக்கொண்டு போனார் என்பது உங்கள் நாயகிக்கு மட்டும் தெரிய வேண்டும்.

கதியால் என்றதும் நோக்கம் தானாகவே கிடைத்துவிட்டது, கவனித்தீர்களா? வேலியை ஒரு முழம் அரக்கிப் போட்டதால் பேச்சு நின்றுபோன சகோதரர்களை எல்லோருக்கும் தெரியும். இடப்பெயர்வில் காணிப் பெர்மிட்டும் போய், எல்லை மரமும் எரிந்துபோன இடத்தில், பழைய எல்லையைக் கண்ணால் கண்டு வைத்திருப்பவள் சிலருக்குத் தேவைப்படுவாள், சிலருக்கு இடைஞ்சலாக இருப்பாள். ஆகவே அவளைத் தனியார் துப்பறிவாளர் ஆக்காதீர்கள். அப்படி ஒருவர் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு மாங்குளத்தில் உட்கார்ந்தால் தேநீர் குடிக்கவும் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். கிராம அலுவலர் ஆக்குங்கள். நற்சான்றுக்கும் வதிவிடச் சான்றுக்கும் ஊரே அவளிடம் வந்தாக வேண்டும். கேள்வி கேட்பது அவளுடைய உத்தியோகம். வயதானவர்கள் அவளை இன்னும் அந்தப் பதவியின் பழைய பெயரால் "விதானை" என்பார்கள், பிறகு "பிள்ளை" என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

இப்போது முக்கியமான இடம். அவளுடைய நினைவு சரியாக இருக்க வேண்டும், ஆனால் அதன் பொருள் அவளுக்குத் தெரியக் கூடாது. இதற்கு வன்னி தருவதைப் போன்ற வாய்ப்பை வேறு எந்த மண்ணும் தராது. 1996இல் அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி தள்ளவில்லை. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை வவுனியாவில் ஒரு நேரம், ஓமந்தைக்கு அப்பால் வேறொரு நேரம். கடைசி வருடங்களில் வித்தியாசம் அரை மணித்தியாலம். சந்தேக நபர் கையில் வவுனியாக் கடையொன்றின் பற்றுச்சீட்டு இருக்கிறது, அதில் பிற்பகல் நான்கு மணி. அப்போது பத்து வயதுச் சிறுமியாக இருந்த நாயகி, ஐந்து மணிக்கு அவனை ஊரில் கண்டாள். சுவர்க் கடிகாரம்கூடக் கண்ணுக்குள் நிற்கிறது. சோதனைச்சாவடிகளைத் தாண்டி ஒரு மணித்தியாலத்தில் வர முடியாது, ஆகவே அவளுக்கு ஆள் மாறாட்டம் என்று இளம் பொலிஸ் அதிகாரி முடித்துவிடுகிறார். பல அத்தியாயங்கள் கழித்து ஒரு கிழவர், "பிள்ளை, அது பழைய நேரமோ புதிய நேரமோ?" என்று கேட்கட்டும். வவுனியாவின் நான்கு மணி ஊரில் மூன்றரை மணி, ஆகவே ஒரு மணித்தியாலம் ஒன்றரை ஆகிவிடும்.

அந்தக் கடிகாரத்தை வாசகருக்கு முதலாம் அத்தியாயத்திலேயே காட்டியிருக்க வேண்டும், ஆனால் வேறு ஏதோ காரணத்துக்காகக் காட்டுவதுபோல. முடிவில் "அவளுக்கு திடீரென ஞாபகம் வந்தது" என்று எழுதினால் அது மோசடி. அவள் மறந்திருந்தால்தானே ஞாபகம் வர? துப்பை ஒளிக்க முறிகண்டி நல்ல இடம். ஏ9 வீதியில் போகிற பஸ் எல்லாம் பிள்ளையாரடியில் நிற்கும், தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் இருக்கையை விட்டு இறங்கவில்லை என்பதைக் கச்சான் விலையோடு சேர்த்து ஒரே வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

தொடரின் இரண்டாம் மூன்றாம் கதைகளில் அவளையே சந்தேகிக்க வையுங்கள். இப்படிப்பட்ட நினைவுள்ளவர்கள் 20 பேரை வைத்து 2013இல் செய்த ஓர் ஆய்வில், இல்லாத காட்சியை நம்ப வைக்கும் சோதனைகளில் அவர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்தார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு இது போதும்.

அவளுக்கு மறதி இல்லை, உங்களுக்கு உண்டு. எனவே ஒரு தடித்த கொப்பி போடுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் திகதி, கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளா, இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்திருந்ததா, நெல் எந்தப் பருவத்தில் நின்றது, எல்லாம் எழுதுங்கள். போயா தினத்தில் உங்கள் வில்லன் மதுபானக் கடையில் போத்தல் வாங்கினால் அடுத்த கிழமையே யாராவது கேட்பார்கள். ரயிலிலும் கவனம்: 1990இல் நின்ற யாழ்தேவி கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது 2013 செப்டெம்பரில்தான். 2011இல் நடக்கும் கதையில் அவளை அங்கே ரயிலேற்றாதீர்கள், பஸ்ஸில் அனுப்புங்கள்.