டாக்கைக் கழற்றினால் லைசென்ஸ் போகிறதா?

காசு கொடுத்து வாங்கிய வரைபட மென்பொருள், லேப்டாப்பை டாக்கிலிருந்து (மானிட்டர், நெட்வொர்க் கேபிள் எல்லாம் செருகும் இணைப்புப் பெட்டி) கழற்றி மேசையிலிருந்து எடுத்ததும் 'லைசென்ஸ் இல்லை' என்று நின்றது. லைசென்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஹோஸ்ட்ஐடி, அதாவது உரிமை எந்தக் கருவிக்கு என்ற அடையாளம்: 12 இலக்க மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்). கமாண்ட் பிராம்ப்டில் 'கெட்மேக் /வி' (getmac /v) அடித்து ஒப்பிட்டேன். யூஎஸ்பி டாக்கிலுள்ள ஈதர்நெட் கார்டின் முகவரி அது! பணம் கட்டியது மென்பொருளுக்கு, உரிமை ஒட்டியிருந்ததோ டாக்கில். இது அநியாயம்தான்.

கோப்பில் எண்ணைக் கையால் மாற்றாதீர்கள், கோப்பு திருத்தப்பட்டதா என்று சரிபார்க்கும் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாது. லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் வைஃபை கார்டின் முகவரியை விற்றவர்களுக்கு அனுப்பிப் புதுக் கோப்பு வாங்கினேன். அதற்கு முன் விண்டோஸ் வைஃபை அமைப்பில் 'ரேண்டம் ஹார்ட்வேர்' முகவரியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க் மாறும்போது எண்ணும் மாறி மறுபடி பூட்டிக்கொள்ளும். பழைய கோப்பை அகற்றிப் புதியதை வைத்து, லைசென்ஸ் சர்வீஸை (பின்னணியில் உரிமையைச் சரிபார்க்கும் நிரல்) ரீஸ்டார்ட் செய்ததும் மென்பொருள் திறந்தது.