பாப்கார்ன் சீலிங்கைச் சுரண்டிய பிறகு என்ன செய்வது?

பாப்கார்ன் சீலிங் என்பது, பொரி ஒட்டியது போலச் சொரசொரப்பாகப் பூச்சு அடித்த பழைய பாணிச் சீலிங். அதைச் சுரண்டி முடித்த அன்றைக்கு அண்ணாந்து பார்த்தால் சீலிங் சமமாகத்தான் தெரியும். அதை நம்பிப் பெயின்ட் வாங்கப் போய்விடாதீர்கள். எங்கள் டொரான்டோ வீட்டில் நான் அப்படித்தான் அடித்தேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்ததும், கத்தி பட்ட கீறல் ஒவ்வொன்றும் நிழலோடு தெரிந்தது.

முக்கியமான ஒன்று: 1980-களின் தொடக்கம் வரை கட்டிய வீடுகளில் இந்தப் பூச்சில் நுரையீரலுக்கு ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். அமெரிக்காவில் 1978-ல் தடை வந்த பிறகும் கையிருப்புச் சரக்கைப் பூசியிருக்கிறார்கள். பரிசோதிக்காமல் சுரண்டியிருந்தால் உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். வேலையை நிறுத்திவிட்டு, பூச்சைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

சரி, ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று தெரிந்துவிட்டதா? மற்ற விளக்குகளை அணைத்து, ஒரு விளக்கைச் சீலிங்கை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளம், துருத்திய ஸ்க்ரூ, பலகை இணைப்புகளின் மேல் ஒட்டியதில் பிரிந்த டேப் எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஸ்க்ரூவை உள்ளே திருகி, பிரிந்த டேப்பை வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்டுங்கள்.

ட்ரைவாலின், அதாவது சீலிங்கில் அடித்திருக்கும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகையின், மேல்தாள் கிழிந்து, பழுப்பாகப் பஞ்சு போல நிற்கும் இடங்களைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன்மேல் பட்டி போட்டால் ஈரத்தை உறிஞ்சிக் கொப்பளிக்கும். பிசிறை வெட்டி, ஷெல்லாக் ப்ரைமர் (அரக்கு கலந்த அடிப்பூச்சு) அடித்துக் காயவிடுங்கள். நீர்க்கறைக்கும் அதே ப்ரைமர்தான்.

அப்புறம் பட்டி. நம்மூர்ப் பட்டியின் இடத்தில் இங்கே ஜாயின்ட் காம்பவுண்ட். வாளியில் கெட்டியாக இருக்கும்; கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். 12 அங்குலக் கத்தியைப் படுக்க வைத்தால் பூசும், நிமிர்த்தினால் வழிக்கும். சின்னப் பகுதியாகப் பூசி, உடனே வழித்துவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் நின்றால் போதும். கோடு விழுந்தால் ஈரத்தில் திரும்பத் திரும்பத் தடவாதீர்கள். காய்ந்ததும் சுரண்டினால் உதிர்ந்துவிடும். ஒரு நாள் காயவிட்டு, அடுத்த கோட் பட்டியைக் குறுக்குவாட்டில் இழுங்கள். பெரும்பாலும் இரண்டு கோட் போதும்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு 150, பிறகு 220 உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். தூசியைத் துடைத்து, சீலிங் முழுக்க ட்ரைவால் ப்ரைமர் அடியுங்கள். ப்ரைமர் காய்ந்ததும் மறுபடி விளக்கைப் பிடியுங்கள். மிச்சமுள்ள குறையெல்லாம் இப்போதுதான் தெரியும், அங்கங்கே பட்டி வைத்துத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் ப்ரைமர் கொடுங்கள்.

பளபளப்பே இல்லாத சீலிங் பெயின்ட் இரண்டு கோட். கடைசிக் கோட்டில் ரோலரை ஜன்னல் வெளிச்சம் வரும் திசையிலேயே ஓட்டுங்கள்.